குறை சொன்னால் தம்பி காலி!

செல்போன் அலறியது!

அவள் அப்போது சர்வீஸ் பள்ளத்துக்குள் நின்று, தலைக்கு மேலே இருந்த வெள்ளைக் காரின் வயிற்றை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கிரீஸ். அடித்து ஓயட்டும் என்று விட்டால் போன் ஓய்வதாக இல்லை.

திரையில் தம்பியின் படம்.

எரிச்சலோடு முழங்கையால் தேய்த்து ஆன் செய்தாள்.

"டேய், காலையில வாங்கிக் கட்டிக்கிட்டது பத்தலையா? வேலையில இருக்கேன். வை போனை!"

"வச்சுடாதே."

தம்பி இல்லை!

துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற கனத்த குரல்.

"யார் நீங்க? என் தம்பி போன் உங்க கையில எப்படி...?"

"போன் மட்டுமா? தம்பியும் என் கையிலதான் இருக்கான். நீ இப்ப ஒரு வெள்ளைக் காரை நோண்டிக்கிட்டு இருக்கே இல்ல?"

"ஆமா..."

"நல்லா நோண்டு. நோண்டி முடிச்சதும் அந்தப் பல் டாக்டர்கிட்ட ஒரே வார்த்தை சொல்லு. 'குறை ஒண்ணும் இல்ல... வாங்கலாம்.' அவர் காரை எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டின உடனே உன் தம்பி வீட்டுக்கு வந்துடுவான்."

"இல்லேன்னா?"

"குறை சொன்னா தம்பி காலி! போலீசுக்குப் போனாலும் அதேதான்!"

அந்த நேரத்தில் போனுக்குள் வேறொரு சத்தம்.

டிங்... டிங்...

அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல். குழைவாக, மரியாதையாக, புரியாத ஒரு வெளிநாட்டு மொழியில் ஏதோ சொன்னது.

லைன் கட்!

கார் வியாபாரிகள் வட்டாரத்தில் அவளுக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய கார்களை, வாங்குகிறவர் சார்பில் சோதித்துச் சொல்வது அவள் தொழில். பாலிஷ் போட்டு மினுக்கி நிறுத்திய எத்தனையோ கார்களை 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் கவிழ்த்திருக்கிறாள். அவள் கேட்டுக்குள் நுழைந்தாலே சில முதலாளிகளுக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும்.

அப்பா, அம்மா போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்தது தம்பி ஒருவன்தான். ரிப்பேரான வண்டிகளை இழுத்துவரும் டோ வண்டி ஓட்டுகிறான். இன்று காலை டார்ச்சை சார்ஜில் போட மறந்துவிட்டான் என்று அவனைக் கிழி கிழி என்று கிழித்திருந்தாள்.

"இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன். போடா!"

அவன் சாப்பிடாமலே போய்விட்டான்.

இப்போது அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. உடனே, இந்த நிமிஷமே!

"என்னம்மா ஆச்சு? வாங்கலாமா, கூடாதா?"

பள்ளத்தின் விளிம்பில் பளபளப்பான இரண்டு ஷூக்கள் தெரிந்தன. பல் டாக்டர்! அவர்தான் அவளை வேலைக்கு அமர்த்தியவர். கார் வாங்கப் போகிறேன் என்று அவர் கிளம்பிப் பல மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு காரை, ஹாரன் சத்தம் மரியாதையாக இல்லை என்று வேண்டாம் என்றவர். இந்த வெள்ளைக் காரைத்தான் முதல் தடவையாக, ஓட்டிப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றார்.

"இன்னும் பாக்கணும் டாக்டர்."

"காலையில இருந்து இதையேதான் சொல்றே. நான் ஒரு பல்லைப் புடுங்க இவ்வளவு நேரம் எடுத்தா, பேஷன்ட் எழுந்து ஓடிடுவான்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் பின்னால் இன்னொருவன் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தான். இந்தக் கார் யார்டு முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி 'மச்சான், மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது வாட்ச்மேன்கூட அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான்.

முதலாளிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'சென்ட்'! தன் மேலும் காருக்குள்ளும் ஒரே சென்ட்டை அடிப்பவர். காரின் பானெட்டை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் காலம் பூராவும் கார் விற்றவர்.

இன்று காலை அவள் வந்தபோது சென்ட் இல்லை. அவசர வேலையாம்.

அவள் பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள்.

"சாவி குடுங்க. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும்."

மச்சான் சாவியை நீட்டினான். அவள் காருக்குள் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள்.

டிங்... டிங்...

அதே பெண் குரல்! அதே குழைவு! அதே வார்த்தைகள்!

அந்த நாட்டுக் கார்களில் சுங்கச்சாவடிக்கான கார்டு செருகும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். காரை ஸ்டார்ட் செய்தால் 'கார்டு போடவில்லை' என்று அந்தப் பெட்டி பேசும். இங்கே வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அந்தக் குரல் இன்னும் பேசுகிறது என்றால், அது யார்டை விட்டு விற்றுப் போகாத கார்.

முன் கண்ணாடியில் பெரிய ஸ்டிக்கர். ஏழு. யார்டு நம்பர்.

பக்கத்து இடம் காலியாக இருந்தது. சிமென்ட் தரையில் காயாத எண்ணெய்ச் சொட்டு.

"இங்க நின்ன கார் எங்கே?" சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"எட்டாம் நம்பரா மேடம்? மொதலாளி எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. இதே மாடல், இதே வெள்ளை. சொந்தத்துக்கு வச்சுக்கப் போறாரு."

ஆக... பேசியது சென்ட்! எட்டாம் நம்பருக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறான்! தம்பியும் அதற்குள்தான் இருக்கிறான்!

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. மச்சானின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். அவன் ஒரு போன் போட்டால் தம்பியின் கதி?

பேசாமல் 'வாங்கலாம்' என்று சொல்லிவிட்டால் என்ன?

சொல்லலாம்தான். ஏ.சி. சரியில்லை, கியர் இழுக்கிறது என்ற மாதிரிக் குறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்லிவிடுவாள். ஆனால் ஆளையே கடத்துகிற அளவுக்குக் குறை என்றால், அது ஆளைக் கொல்கிற குறையாகத்தான் இருக்கும். டாக்டர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள்... தம்பியைக் காப்பாற்ற அந்த நாலு பேரைச் சாகக் கொடுப்பதா?

என்ன குறை என்று தெரிந்தாக வேண்டும்!

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது.

"டாக்டர், கொஞ்சம் பள்ளத்துக்குள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்."

"பள்ளத்துக்குள்ளயா? வெள்ளை பேண்ட்டும்மா!"

"வந்தாத்தான் தெரியும்."

"போட்டோ எடுத்து அனுப்பேன். மேல நின்னு பாத்துக்கறேன்."

"டாக்டர்... வாங்க!"

அந்த அதட்டலில் டாக்டர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். மச்சான் விளிம்புக்கு வந்தான். அவள் ஸ்பானரால் சைலன்சரைத் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டே டாக்டரின் காதில் கிசுகிசுத்தாள்.

"என் தம்பியைக் கடத்திட்டாங்க. கடத்தினது சென்ட். இந்தக் காருக்கு நல்ல ரிப்போர்ட் குடுக்கச் சொல்லி மிரட்டறான். வெளியே போய் போலீசுக்குப் போன் பண்ணுங்க. சைரன் போட்டுக்கிட்டு வந்துடக் கூடாது. மச்சானுக்குத் தெரியக் கூடாது."

டாக்டர் விழிகள் பிதுங்க அவளைப் பார்த்தார்.

"அய்யய்யோ! அப்ப... இந்தக் காரை வாங்கலாமா, கூடாதா?"

ஸ்பானரை அவர் தலையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் யோசித்தாள்.

"டாக்டர்! போன்!"

"பண்றேன், பண்றேன். வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்றேன். அவளைக் கேக்காம நான் ஒண்ணும் செய்யறதில்ல."

தலையில் அடித்துக்கொள்ளவும் நேரமில்லை. அவர் ஏறிப் போனார். அவள் காரோடு மல்லுக்கு நின்றாள்.

பெயின்ட் கனம் பார்க்கும் கருவியைக் கதவுகளில், கூரையில், தூண்களில் வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் கம்பெனிப் பூச்சு. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் தேதி முத்திரையைப் பார்த்தாள். முன்னும் பின்னும் ஒரே வருஷம். சீட் பெல்ட்டுகளைக் கடைசி வரை உருவிப் பார்த்தாள். சேற்றுக் கறை இல்லை, வெள்ளத்தில் மூழ்கிய கார் இல்லை. டிக்கியின் தரையைத் தூக்கினாள். கையை விட்டுத் தடவினாள். மோந்துகூடப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை!

இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான காரை அவள் பார்த்ததில்லை. மற்ற நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இன்று அழுகை வந்தது. சுத்தமான காருக்கு நல்ல ரிப்போர்ட் வாங்க எவனாவது ஆளைக் கடத்துவானா?

எங்கோ தவறவிடுகிறேன்... எங்கே?

"மேடம், முடிஞ்சுதா?" மச்சான்.

"என்னம்மா, முடிவு சொல்லேன்!" வாசலில் இருந்து டாக்டர்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா!" அவள் கத்தியது யார்டு முழுக்க எதிரொலித்தது.

போன் மறுபடி அலறியது!

"என்ன இவ்வளவு நேரம்?" துணி வைத்த குரல்.

"என் தம்பி குரலைக் கேக்காம நான் வாயே திறக்க மாட்டேன்."

முணுமுணுப்பு. உரசல் சத்தம்.

"அக்கா!"

அவளுக்குக் கண் கலங்கியது.

"டேய்... அடிச்சாங்களாடா?"

"இல்லக்கா. வண்டி நின்னுடுச்சு, வந்து இழுத்துக்கிட்டுப் போன்னு கூப்பிட்டாங்க, போனேன். கையைக் கட்டிப் பின் சீட்டுல உக்கார வச்சுட்டாரு. பெல்ட் மாட்டி விடுங்க, போடலேன்னா எங்கக்கா திட்டுவான்னேன். மாட்டி விட்டாரு. நல்ல மனுஷன்தான் போல. ஆனா காருதான் லொட லொடங்குது. முன் சீட்டுக்கு அடியில ரோடு தெரியுதுக்கா!"

"என்னது?"

"ஆமாக்கா, ரோடு..."

"போதும்டா, உன் தொணதொணப்பு!" போன் பிடுங்கப்பட்டது. "வந்ததுல இருந்து வாயே மூடல இவன்! கேட்டாச்சு இல்ல? சீக்கிரம் ரிப்போர்ட்டைக் குடு. இல்லேன்னா இவன் வாயை நான் மூட வேண்டியிருக்கும்!"

கட்!

அவள் அப்படியே நின்றாள்.

முன் சீட்டுக்கு அடியில்... ரோடு!

இந்தக் காரில் அவள் இன்னும் பார்க்காத இடம் அது ஒன்றுதான். சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைக் கிழித்தால்தான் பார்க்க முடியும்.

ஸ்பானரை எடுத்தாள். டிரைவர் சீட்டின் போல்ட்டில் மாட்டினாள்.

"மேடம்! சீட்டை எதுக்குக் கழட்டறீங்க?" மச்சான் ஓடி வந்தான். "அதெல்லாம் வேணாம் மேடம்!"

"ஏன் வேணாம்?"

"இல்ல... சும்மாதான்..."

அவன் முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. போல்ட் ஒவ்வொன்றும் கழல, அவன் நிறமும் கழன்றுகொண்டே போனது. அவள் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தாள். விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

மச்சான் கண்களை இறுக மூடிக்கொண்டான்!

சர்ர்ர்...!

கீழே வழவழவென்று தகரம். கம்பெனியில் அடித்தது அடித்தபடி.

அவள் தகரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற மச்சானைத்தான் பார்த்தாள். இத்தனை நேரமாகத் தேடிய குறை, அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது!

"கண்ணைத் திறங்க."

"வேணாம் மேடம்..."

"இங்க ஒரு ஒட்டு இருக்கணும், இல்ல? வெல்டிங் பண்ணின ஒட்டு?"

மச்சான் கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"அரைவெட்டுக் கார்! முன்பக்கம் நொறுங்கின கார் ஒண்ணு, பின்பக்கம் நொறுங்கின கார் ஒண்ணு. ரெண்டுலயும் நல்ல பாதியை வெட்டி எடுத்து, சீட்டுக்கு அடியில ஒட்டி, ஒரே காரா ஆக்கி விக்கறது! டாக்டர் ஓட்டிப் பாத்துப் பிடிச்சுப்போனது நல்ல கார். அவர் தலையில கட்டப் பாத்தது ஒட்டுக் கார். அப்படித்தானே?"

"அப்படித்தான் மேடம்... டாக்டர் உங்களைக் கூட்டிட்டு வருவாருன்னு மாமா எதிர்பாக்கல. நேத்துதான் தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரம் உங்க தம்பியை வச்சிருந்துட்டு விட்டுடறேன்னாரு. சத்தியமா அவ்வளவுதான் மேடம்!"

"கண்ணைத் திறந்து கீழ பாருங்க. ஒட்டு எங்கே?"

மச்சான் திறந்தான். பார்த்தான். குனிந்து பார்த்தான். மண்டியிட்டு, விரலால் தகரத்தைத் தடவிப் பார்த்தான்.

பேயறைந்ததுபோல் ஆனான்.

"இல்ல... இருக்கணுமே! நான்தானே மேடம் மாத்தினேன்! கண்ணாடி ஸ்டிக்கர், சாவி டேக், நிக்கற இடம் எல்லாத்தையும்! மாமா போன வாரமே சொல்லிட்டாரு. ஏழை எட்டாக்கு, எட்டை ஏழாக்குன்னு. 'இந்த ஒரு வேலையையாவது உருப்படியா செய்'ன்னாரு. ஆள் இல்லாத நேரம் பாத்து ஒழுங்கா மாத்தினேனே!"

"உங்க மாமா என்னிக்காவது உங்களை நம்பி ஒரு வேலையை விட்டிருக்காரா?"

"எங்கே விட்டாரு? ஆணி அடிக்கச் சொல்வாரு. நான் அடிச்ச ஆணியைப் புடுங்கிட்டு, அவரே இன்னொரு தடவை அடிப்..."

நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது.

"ஆமா," என்றாள் அவள். "அவரும் மாத்தியிருக்காரு! நீங்க ஒரு தடவை, அவர் ஒரு தடவை. ரெண்டு தடவை மாத்தினா, இருந்த இடத்துக்கே வந்துடும். நல்ல கார் இங்க நிக்குது. ஒட்டுக் காருக்குள்ள உங்க மாமா உக்காந்திருக்காரு... என் தம்பியோட!"

"அய்யோ... அக்கா!"

மச்சான் அலறியது அவளைப் பார்த்து அல்ல.

"எங்கக்கா மேடம்! சாயங்காலம் எங்கக்காவையும் பசங்களையும் அந்தக் கார்லதான் ஏத்திக்கிட்டு மலைக்குப் போறதா இருக்காரு மாமா! புதுக் கார்னு எங்கக்கா ஆசையா கிளம்பிக்கிட்டு இருக்கா!"

"எங்கே இருக்காரு இப்ப? சொல்லுங்க!"

"பைபாஸ் ரோடு... பழைய குடோனுக்குப் பின்னாடி!"

அவள் சீட்டைத் தூக்கிக் காருக்குள் போட்டாள். கைக்குக் கிடைத்த இரண்டு போல்ட்டை முடுக்கினாள். மச்சானைப் பக்கத்தில் தள்ளினாள்.

"நானும் வரேன்!" டாக்டர் பின்கதவைத் திறந்து ஏறினார். "ஏம்மா, இன்னும் வாங்கல இந்தக் காரை. கீறல் ஏதாவது விழுந்துடப் போகுது. மெதுவா ஓட்டு."

மெதுவாகவா? ஏழாம் நம்பர் கேட்டைத் தாண்டிப் பறந்தது! பின் சீட்டில் டாக்டர் மனைவிக்குப் போன் போட்டு, பைபாஸ் குடோன் என்று இடம் சொன்னார்.

"உங்க மாமாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. காரை அசைக்காதீங்கன்னு சொல்லுங்க!"

மச்சான் நம்பரை அழுத்தினான்.

"மாமா! காரை விட்டு இறங்குங்க! நீங்க உக்காந்திருக்கறதுதான் ஒட்டுக் கார்!"

"உளறாதேடா!" துணி இல்லாத, அசல் சென்ட் குரல். "நானே என் கையால மாத்தினேன்!"

"நானும் மாத்தினேன் மாமா!"

"நீயா? நீ என்னிக்குடா சொன்ன வேலையைச் செஞ்சிருக்கே? அந்தப் பொம்பளை உன்னைக் குழப்பிட்டாளா? கார் சத்தம் கேக்குது... டேய், அவளைக் கூட்டிக்கிட்டு இங்கதான் வர்றியா? துரோகி!"

"மாமா, சத்தியமா மாத்தினேன் மாமா! வாழ்க்கையில முதல் தடவையா சொன்னதைச் செஞ்சேன்! நம்புங்க மாமா!"

"உன்னை நம்பி எவன்டா உருப்பட்டான்?"

போனுக்குள் இஞ்சின் உறுமியது. டிங்... டிங்... வெளிநாட்டுப் பெண் பணிவோடு ஏதோ சொன்னாள்.

"கிளம்பிட்டான்!" அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

பைபாஸில் திரும்பியதும் கண்ணில் பட்டது. தூரத்தில் வெள்ளைக் கார். எட்டாம் நம்பர். ஓடுகிற ஓட்டத்தில் அதன் நடுப்பகுதி மேலும் கீழும் மூச்சு வாங்கியது. கதவிடுக்கு திறந்து திறந்து மூடியது.

அவள் போனைப் பார்த்துக் கத்தினாள்.

"நிறுத்துங்க! முன்னாடி வேகத்தடை! கார் தாங்காது! என் தம்பியை இறக்கி விட்டுட்டு எங்க வேணா போங்க! போலீசுக்குக்கூடச் சொல்லல, நான் கெஞ்சிக் கேக்கறேன், நிறுத்துங்க!"

"கிட்ட வராதே! உன் தம்பி என் கார்ல இருக்கான். ஞாபகம் வச்சுக்கோ!"

வேகத்தடை!

எட்டாம் நம்பர் எகிறியது!

டமார்ர்ர்...!

கண்ணெதிரே ஒரு கார் இரண்டாயிற்று!

பின்பாதி அங்கேயே சாய்ந்து, தகரம் தரையில் தேயத் தேய அரைவட்டம் அடித்து ரோட்டோரப் புதருக்குள் போய் நின்றது. முன்பாதி மட்டும், இழுக்கிற சக்கரம் முன்னால் இருந்த தைரியத்தில், பொறி பறக்க ஓடிக்கொண்டே இருந்தது!

பிரேக் போட்டாள். கதவைத் திறந்து ஓடினாள். மச்சானிடமிருந்து பிடுங்கிய போனில் சென்ட் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"டயர் ஏதோ வெடிச்சிருக்கு... பரவாயில்ல, ஓடும்! கிட்ட வந்தே, பின்னாடி இருக்கற உன் தம்பியை..."

"எதுக்கும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க!" என்றாள் அவள், ஓடிக்கொண்டே.

முன்பாதிக்குள் ஒரு தலை திரும்பியது.

"அய்யோ... அம்மா!"

அதற்கு மேல் போனில் வந்தது ஒரு பெரிய சத்தம். முன்பாதி மைல் கல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் புதரை விலக்கினாள்.

பின் சீட்டில், குறுக்கே பெல்ட்டோடு, கைகள் கட்டப்பட்டு, தலை நிறைய இலையோடு தம்பி உட்கார்ந்திருந்தான். எதிரே கார் இல்லை, வெறும் வானம்.

"அக்கா... பெல்ட் போட்டிருந்தேன்க்கா," என்றான்.

அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள். திரும்பவும் கட்டிக்கொண்டாள்.

"டார்ச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா. நாளையில இருந்து நானே சார்ஜ் போட்டுக்கறேன். நீ சாப்பிடாம மட்டும் போகாதே."

"சரிக்கா. கையை அவுத்து விடறியா?"

சைரன் இல்லாமல் ஜீப் வந்து நின்றது. பெண் சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. 'என் வீட்டுக்காரர் கார் வாங்கப் போன இடத்துல ஆளைக் கடத்திட்டாங்க. கடத்தினவரைக் கூட நாளைக்குப் பாத்துக்கலாம், இவரை எப்படியாவது இன்னிக்கு ஒரு கார் வாங்க வச்சுடுங்க'ன்னு அழுதாங்க. யார் அந்த வீட்டுக்காரர்?"

டாக்டர் மேகங்களைப் பார்த்தார்.

கான்ஸ்டபிள்கள் சென்ட்டைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். நெற்றியில் புடைப்பு. சட்டை கிழிந்தும் வாசனை போகவில்லை.

"நான் யாரையும் கடத்தல மேடம்! வேணும்னா என் காரை நல்லாப் பாருங்க. உள்ள யாராவது இருக்காங்களா?"

"உங்க கார்ல யாரும் இல்லதான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "உங்க கார் வழியில இறக்கி விட்டுட்டுப் போன கார்ல இருக்கான். ஏறுங்க ஜீப்புல!"

மச்சான் முன்னால் வந்து கைகளை நீட்டினான்.

"நானும் கூட்டுதான் மேடம். ஆனா மாமா... நான் மாத்தினேன்னு இப்பவாவது நம்பறீங்களா?"

சென்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினான். ஜீப் போனது.

ரோட்டோரத்தில் ஏழாம் நம்பர் ஒரு கீறல்கூட இல்லாமல் மினுங்கிக்கொண்டு நின்றது. அந்தக் காட்டு ஓட்டத்திலும் ஒரு முனகல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தாள். இத்தனை வருஷத் தொழிலில் அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"டாக்டர், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். மிரட்டலுக்காகச் சொல்லல. மனசாரச் சொல்றேன். இந்தக் கார்ல ஒரு குறைகூட இல்ல."

டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். மோவாயைச் சொறிந்தார்.

"அது சரிம்மா... ஆனா ஒரு குறைகூட இல்லாத காரை எவனாவது விப்பானா? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கே. வேற ஒரு கார் பாக்கலாமா?"

அவள் மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"டேய்... உன்னைக் கட்டியிருந்த கயித்தைத் தூக்கி எறிஞ்சுடலையே? எடுத்துக்கிட்டு வா. டாக்டரைக் கட்டணும்!"